சேமிக்காத ஆட்டம்

"மெதுவாடா, முழங்கையை மடக்காத," என்றான் பெரியவன்.

சின்னவன் அப்பாவின் வலது கையைச் சட்டைக்குள் நுழைக்கப் பார்த்தான். விடிகாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது வளைந்து கொடுத்த கை, இப்போது பிடிவாதம் பிடித்தது. முப்பது வருடம் பேருந்து ஓட்டிய கை. அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். சுடுகாட்டுக்கு வண்டி பதினொரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

பெரியவன் வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். அழுது வீங்கிய முகம். ஆனாலும் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ரெஃப்ரி கடைசி விசில் ஊதிட்டார்டா."

சின்னவன் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பெரியவனுக்குப் பதினைந்து வயது, சின்னவனுக்குப் பதினொன்று. கைமாறி கைமாறி வந்த ஒரு கால்பந்து வீடியோ கேம். மெனு முழுக்கப் புரியாத மொழி. மேலிருந்து மூன்றாவது வரி லீக், ஐந்தாவது ஆள் மாற்றுவது என்று மனப்பாடம். வீரர்களுக்கு முகம் என்று ஒன்று கிடையாது, நாலைந்து சதுரங்கள்தான். இருந்தும் ஓடுகிற தினுசை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். கோல் விழுந்தால் வர்ணனையாளர் போடும் ஊளையைச் சாப்பாட்டு நேரத்தில் போட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அப்படியொரு சந்தோஷம் பிறகு இருவருக்கும் வாய்க்கவில்லை.

ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் மெமரி கார்டு மட்டும் இல்லை. அணைத்தால் எல்லாம் போச்சு. அதனால் டிவியை மட்டும் அணைத்துவிட்டு, கேம் பெட்டியை ராப்பகலாக ஓடவிட்டு, சூடாகாமல் இருக்க மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார்கள். இப்படி ஒன்பது நாள். இறுதி ஆட்டத்தை டியூஷன் முடிந்து வந்து நான்தான் ஆடுவேன், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று பெரியவன் உத்தரவு போட்டுவிட்டுப் போனான்.

வந்து பார்த்தால் கேம் செருகியிருந்த சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டி. அப்பா மாலை ஷிப்டுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். பெரியவன் வீட்டை இரண்டாக்கினான்.

"நானா புடுங்கினேன்? ஞாபகம் இல்லையேடா," என்று அப்பா தலையைச் சொறிந்தார். "அவசரத்துல புடுங்கியிருப்பேன்."

ஒரு மாதம் பெரியவன் அவரோடு பேசவில்லை. பிறகு கோபம் போய் கேலி வந்தது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியவர் என்பதால் ரெஃப்ரி. பேரப்பிள்ளைகளுக்கும் அவர் ரெஃப்ரி தாத்தாதான்.

பிடுங்கியது சின்னவன். திருட்டுத்தனமாக இறுதி ஆட்டத்தை ஆடி, மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்று, வேறு வழி தெரியாமல் ப்ளக்கில் கைவைத்தான். அப்பா வந்தபோது சாக்கெட் காலியாகத்தான் இருந்தது.

முதலில் பயத்தில் சொல்லவில்லை. அப்புறம், நரை விழுந்த வயதில் இதையெல்லாம் யாராவது சொல்வார்களா என்று விட்டுவிட்டான். இரண்டு வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அப்பாவே கேட்டார். "அன்னைக்கு நான்தான் புடுங்கினேனாடா? எவ்ளோ யோசிச்சாலும் பிடிபடல. பாவம், பெரியவன் எப்படி அழுதான்!"

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்," என்று சின்னவன் தண்ணீர் டம்ளரை நீட்டினான். அவ்வளவு கோழை.

கை ஒருவழியாகச் சட்டைக்குள் போனது. பெரியவன் மேல் பட்டனை மாட்டினான்.

"போன வாரம் போன் பண்ணினார்டா. அந்த கேமுக்கு மன்னிப்பு கேட்டார். 'உன் ஒன்பது நாளை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்கோ'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன். அதெல்லாம் மன்னிக்கவே முடியாது ரெஃப்ரின்னேன்." பெரியவனின் கை நின்றது. "விளையாட்டுக்குத்தான்டா சொன்னேன். அவர் சிரிக்கல. 'சரிப்பா'ன்னு வச்சிட்டார். திரும்பக் கூப்பிடணும்னு இருந்தேன்."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். சொன்னால் அண்ணன் இனி சின்னவன் முகத்தில் விழிப்பானா தெரியாது. சொல்லாவிட்டால், செய்யாத தப்போடுதான் அப்பா வண்டி ஏறுவார்.

"அண்ணா, அப்பா புடுங்கல. நான்தான்."

மீதியையும் சொன்னான், ஸ்கோர் உட்பட. பெரியவன் நிமிர்ந்து பார்த்தான். அடித்திருந்தால் தேவலை.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல," என்றான் சின்னவன்.

"உன்கிட்ட கேட்டாரா?"

"கேட்டார்."

வண்டி வந்துவிட்டது என்று வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள். இன்னும் மூன்று பட்டன் பாக்கி. சின்னவன் கையை நீட்டினான்.

"விடு. நான் போட்டுவிடறேன். நீ வெளிய இரு."

வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது. உள்ளே அண்ணன் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. வார்த்தை எதுவும் விளங்கவில்லை. கொஞ்சம் பேசினான், நிறுத்தினான். எதிரில் இருப்பவர் பதில் சொல்லி முடிக்கட்டும் என்பதுபோல் காத்திருந்தான். பிறகு மறுபடி பேசினான்.