போனில் சொன்ன ‘வரேன்’

முதியோர் இல்லம் என்ற வார்த்தையை மட்டும் மகன் தன் வாயில் வரவே விடவில்லை. ‘ஹோம் இல்லம்மா, கம்யூனிட்டி’ என்று ஒவ்வொரு தடவையும் திருத்தினான். கம்யூனிட்டியாம்! அவள் பெட்டியோடு வந்து இறங்கிய பதினெட்டாம் நாள் தொற்று வந்து ஊரையே பூட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் கம்யூனிட்டியில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காரக் கூடாது, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகக் கூடாது, தோட்டத்துப் பெஞ்சைச் சுற்றிக்கூட சிவப்பு நாடா கட்டியாகிவிட்டது. நல்ல கம்யூனிட்டி, போங்கள்.

முதல் மாடியில் பன்னிரண்டு அறைகள். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒரு ஸ்டூல். வேளாவேளைக்குச் சாப்பாட்டு டப்பாவை ஸ்டூலில் வைத்து, கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு, திறப்பதற்குள் ஆள் போய்விடும். ஒருநாள் அவள் கதவுக்குப் பின்னாலேயே தயாராக நின்றுகொண்டு, தட்டின மறுவிநாடி திறந்து பார்த்தாள். மாடிப்படியில் இறங்கிப் போகிற ஒரு முதுகுதான் கிடைத்தது. அந்த முதுகைப் பார்த்ததே அன்றைக்குப் பெரிய விஷயமாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளை எல்லோரும் ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம். காதில் ஹெட்போனை மாட்டி, பலகையில் ஒயரைச் செருகி, அந்த ஊரையும் இந்த ஊரையும் பேசவைத்தவள். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். ஆனால் பேச்சு முடிந்ததா இல்லையா என்று தெரிந்தால்தானே ஒயரைப் பிடுங்க முடியும்? அதனால் நடுவில் சண்டையோ கொஞ்சலோ எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், முடிவை மட்டும் கேட்கப் பழகியிருந்தாள்.

இப்படி முடிவை மட்டுமே கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. வாசலில் நின்று விடைபெறுகிறவர்கள்தான் ‘வரேன்’ என்பார்கள். போனில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ‘வெச்சிடறேன்’ என்பார்கள், ‘வைக்கட்டுமா’ என்பார்கள், புதிதாகக் கல்யாணம் ஆனதுகள் ‘நீ மொதல்ல வை’, ‘இல்ல, நீ வை’ என்று ஐந்து நிமிடம் உயிரை வாங்கும். போனில் ஒருத்தன் ‘வரேன்’ என்றால் அவன் நிஜமாகவே கிளம்பி வருகிறான் என்று அர்த்தம். இதில் அவள் யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டத் தயார்.

மகன் ஞாயிறு தவறாமல் பதினோரு மணிக்குக் கூப்பிடுவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, பிரஷர் பாத்தாங்களா. பத்து நிமிடம். ‘சரிம்மா, வெச்சிடறேன்.’ ஐந்து மாதமாக இதில் ஒரு எழுத்து மாறியதில்லை. அவன் வீடு ஒன்றும் கண்காணாத இடத்தில் இல்லை, காரில் இரண்டு மணி நேரம். ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தி, வியாழக்கிழமைகளில் சொந்தக்காரர்கள் வாசல் கேட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியே ஆறு வாரம் ஆகியிருந்தது. எல்லா வீட்டுக்கும் மேனேஜர் தகவல் அனுப்பியிருந்தார். மகன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்கிக்கொள்கிற வரவு எனக்கு வேண்டாம் என்று வீம்பு. உள்ளுக்குள் ஏங்கி ஏங்கிச் செத்தாலும் வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஏழாவது ஞாயிறு மகன் கூப்பிட்டான். சாப்பிட்டியா, மாத்திரை, பிரஷர் எல்லாம் முறைப்படி ஆயிற்று. கடைசியில், “சரிம்மா, வரேன்” என்றான். லைன் அறுந்துவிட்டது.

போனைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெச்சிடறேன் இல்லை, வரேன். தெளிவாகக் கேட்டது. முப்பத்தொரு வருஷத்துக் காது, ஏமாறுமா? அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பக் கூப்பிட்டு, என்றைக்கு வருகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே? நாமாக இருந்தால் கேட்டிருப்போம். அவள் கணக்கு வேறு. வரேன் என்று சொன்னவனிடம் வருகிறாயா என்று கேட்டால், வரவில்லை என்று சொல்ல நாமே வழி பண்ணிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். வேலை இருக்குதும்மா, அடுத்த மாசம் பாக்கலாம்மா என்று அவன் நழுவிவிட்டால்? அதனால் போனைத் தொடவே இல்லை. வருவதற்கு இருக்கிறது ஒரே நாள், வியாழக்கிழமை. ஆக, வியாழக்கிழமை வருகிறான்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக மேனேஜருக்குப் போன் போட்டாள். கேட்டில் பார்ப்பதற்கு ஒரு வாரத்துக்கு எட்டுப் பேருக்குத்தான் இடம், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். எட்டும் நிரம்பிவிட்டது என்றார் மேனேஜர். யாராவது விட்டுக்கொடுத்தால் மாற்றி எழுதிக்கொள்கிறேன், ஆனால் பையன் வருவது நிச்சயம்தானே என்று கேட்டார். அவன் வாயாலேயே சொன்னான் என்றாள். அது சத்தியமான வார்த்தைதான், பாவம்.

எதிர் அறையில் டிராயிங் மாஸ்டர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவி போய்ப் பத்து வருஷம். சாயங்காலமானால் இருவரும் அவரவர் கதவு நிலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குக் குறுக்கே பேசுவார்கள். ‘அவங்க கேட்டது ஆறடி, நமக்குள்ள பத்தடி இருக்கு, நாலடி லாபம்’ என்பார் மாஸ்டர். அந்த ஒரு பேச்சுத்துணைதான் அவளுக்கு அந்தக் கட்டடத்தில். மாஸ்டருக்கு ஒரே பெண், பாங்கில் வேலை. வியாழக்கிழமைகளில் அரைநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து, நாலரையிலிருந்து நாலே முக்கால் வரை அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவாள். ஆறு வாரத்தில் ஒரு வாரம் தப்பியதில்லை.

அவள் சுற்றி வளைத்துத்தான் பேச்சை ஆரம்பித்தாள். மாஸ்டர் பாதியிலேயே புரிந்துகொண்டு, “அட, இதுக்குப் போயி இவ்ளோ இழுக்கறீங்களே! என் பொண்ணு வாரா வாரம் வர்றவதானே. உங்க பையன் அஞ்சு மாசம் கழிச்சு வர்றாரு. நாலரையை நீங்க எடுத்துக்கங்க” என்றார். உள்ளே போய் மகளிடம் போனில் அடுத்த வாரம் வா என்று சொல்லிவிட்டும் வந்தார். நல்ல மனுஷன், நூறு வருஷம் இருக்கணும் என்று ஆபரேட்டரம்மா நினைத்துக்கொண்டாள்.

அந்த மூன்று நாளும் அவள் இருந்த இருப்பு! பெட்டியின் அடியில் கிடந்த நல்ல உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டாள். எதைப் பேசுவது, எதை விடுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். பதினைந்து நிமிடத்தில் குறை எதுவும் சொல்லிவிடக் கூடாது, அழுதுவிடக் கூடாது, அவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாஸ்க் போட்டிருப்பானே, எப்படிப் பார்ப்பது? ஒரே ஒரு நிமிஷம் கழற்றச் சொல்லலாம், மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பும்போது.

வியாழக்கிழமை நாலரைக்குக் கேட்டுக்குப் போய்விட்டாள். உள்பக்கம் ஒரு நாற்காலி, வெளிப்பக்கம் ஒரு நாற்காலி, நடுவில் கயிறு. மேனேஜர் கையில் நோட்டோடு நின்றிருந்தார். ஐந்து நிமிடம் போயிற்று. டிராபிக்காக இருக்கும் என்றாள். இன்னும் ஐந்து நிமிடம் போயிற்று. ஒரு போன் போட்டுப் பாருங்களேன் என்றார் மேனேஜர். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான், ஓட்டுகிறவனைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நாலே முக்காலுக்கு அடுத்தவர் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். அவள் எழுந்துகொண்டாள். காலி நாற்காலியைப் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு வந்தாள், வேறென்ன.

மாடியில் மாஸ்டர் நாற்காலியைப் போட்டுத் தயாராக இருந்தார். பையன் எப்படி இருக்கிறார், இளைத்திருக்கிறாரா, பெருத்திருக்கிறாரா என்று ஆவலாகக் கேட்டார். அவளுக்கு வந்த அவமானத்தில் வாயில் ஒரு பொய் வந்து உட்கார்ந்துகொண்டது. வருகிற வழியில் வண்டி ரிப்பேராகி நின்றுவிட்டதாம் என்றாள். ஒரு பொய்யோடு விடுமா? ஆள் பத்திரமா, மெக்கானிக் கிடைத்தாரா, எப்படித் திரும்பிப் போனார் என்று அவர் உருகி உருகிக் கேட்கக் கேட்க, கூடவே மெக்கானிக்கையும் இன்னொரு வண்டியையும் உண்டாக்க வேண்டியதாயிற்று. வராத மகனுக்கு எத்தனை சிரமம்!

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் மேனேஜர் பேசினார். சமையல் பகுதியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, இனி மறு அறிவிப்பு வரும்வரை கேட்டில் யாரும் யாரையும் பார்க்க முடியாது என்றார். மறு அறிவிப்பு என்றால் ஒரு மாதமோ ஆறு மாதமோ. ஆபரேட்டரம்மா கதவைத் திறந்து எதிரே பார்த்தாள். மாஸ்டரும் நின்றிருந்தார். “பரவால்ல விடுங்க. நமக்கென்ன தெரியும், இப்படி ஆகும்னு” என்றார். அந்தப் பரவாயில்லையை அவளால் தாங்கவே முடியவில்லை. இரண்டு நாள் சாயங்காலம் தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

ஞாயிறு பதினோரு மணிக்குப் போன் வந்தது. சாப்பிட்டியா, மாத்திரை, பிரஷர். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, போகிறபோக்கில் கேட்பது போல, “போன வாரம் பேசி முடிக்கறப்ப வரேன்னியே, எதுக்குடா?” என்று கேட்டாள்.

“நானா?” என்று யோசித்தான். “ஓ, அதுவா! ஞாயித்துக்கிழமைன்னா காய்கறி வாங்கிக் குடுக்க இவ அம்மா வீட்டுக்கு வருவேன்ல, அங்க இருந்துதான் உனக்குப் பேசினேன். கெளம்பறப்ப அவங்ககிட்ட சொன்னது அது. ஏம்மா?”

மாமியாரையும் அம்மா என்றே கூப்பிடு, உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று கல்யாணமான புதிதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ‘சரிம்மா, வரேன்’ என்று சொன்னபோது அவன் குரல் போனிலிருந்து அரையடி தள்ளிப் போயிருந்தது. வேறு யாரிடமோ முகத்தைத் திருப்பிச் சொன்ன குரல் அது. அவள் காது அதை அப்போதே கேட்டுவிட்டது. உள்ளதைச் சொன்னால் காது ஏமாறவே இல்லை, அவள்தான் அதன் பேச்சைக் கேட்கவில்லை. வாரா வாரம் ஒரு அம்மா வீட்டு வாசலில் நின்று இன்னொரு அம்மாவுக்குப் பத்து நிமிடம் போன் பேசியிருக்கிறான். அவன் கெட்டவன் இல்லை. அதனால் வலி ஒன்றும் குறையவில்லை.

“ஒண்ணுமில்லடா, சும்மா கேட்டேன்” என்றாள். இதெல்லாம் முடியட்டும், வந்து பார்க்கிறேன் என்றான். வெச்சிடறேன் என்றான், வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து, எதிர்க் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். மாஸ்டர் வெளியே வந்தார். தலைவலி விட்டுவிட்டதா என்று விசாரித்தார்.

“மாஸ்டர், அன்னிக்கு வண்டி ரிப்பேருன்னு சொன்னது பொய். அவன் கெளம்பவே இல்ல. வரேன்னு அவன் சொன்னது என்கிட்டயே இல்ல, அவன் மாமியார்கிட்ட. எனக்குன்னு நெனச்சு உங்க நேரத்தைப் பிடுங்கிட்டேன்.”

மாஸ்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

“என் பொண்ணு அன்னிக்கு வந்துட்டுத்தான் போனா” என்றார் மெதுவாக. “வராதேன்னுதான் சொல்லியிருந்தேன். லீவு போட்டாச்சுப்பா, வீட்டுல உக்காந்து என்ன பண்றதுன்னு கெளம்பி வந்துட்டா. எதிர்த்தெருவுல நின்னு போன் பண்ணா. கேட்டுக்கு வரல, நீ மாடி ஜன்னலுக்கு மட்டும் வா, கைய ஆட்டிட்டுப் போயிடறேன்னு.”

“ஜன்னலுக்குப் போனீங்களா?” என்றாள்.

“நான்தான் வேணாம்னுட்டேன். கேட்டுக்கு எதிர்ல இன்னொரு ஆள் நின்னா மேனேஜர் கும்பல்னு சொல்லி எல்லாரையும் கெளப்பிடுவாரு. உங்களுக்கு இருக்கறதே பதினஞ்சு நிமிஷம், அதையும் கெடுத்துடக் கூடாதேன்னு, ஜன்னல் பக்கமே போகல. அவ கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா.”

சொல்லிவிட்டு மாஸ்டர் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல்தான் சாத்தினார்.