படைக்காத முட்டைகள்

“அப்போ இந்தத் தடவையும் முட்டையே நேர்ந்துக்குவோம். பெரியவருக்குத்தான் பிடிச்சுப்போச்சே,” என்றாள் மாலிவான்.

அவள் கணவன் தோங்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயல்களுக்கு நடுவே பொன்மலை மாதிரி உட்கார்ந்திருந்தார், ஊரார் பெரியவர் என்றழைக்கும் புத்தர். தரைவரை இறங்கியிருந்த அவருடைய விரல் நுனியைத் தொடுவதற்காக வரிசை மெல்ல நகர்ந்தது. மகள் நுய்க்குத் திங்கட்கிழமை கண்ணில் ஆபரேஷன். அதற்கு வேண்டிக்கொள்ளத்தான் மூவரும் வந்திருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் நுய் டெங்குவில் கிடந்தாள். பிழைத்தால் ஒரு கூடை அவித்த முட்டை படைக்கிறேன் என்று இதே விரலில் நெற்றியை வைத்து நேர்ந்துகொண்டவன் அவன்தான். பிழைத்தாள். கூடையோடு பைக்கில் கிளம்பினான். வழியில் சேவல் சண்டை. ஒரே ஒரு பந்தயம் பார்த்துவிட்டுப் போகலாமென்று இறங்கினான். பெரியவர் வாசனை பிடித்துவிட்டு எப்படியும் உன்னிடமே தரப்போகிறார் என்று சொல்லிக் கூட்டாளிகள் மீன் சாஸில் தொட்டுத் தொட்டுப் பாதிக் கூடையைக் காலி செய்தார்கள். அவனும் சிரித்தபடி இரண்டு தின்றான். மிச்சத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

படைத்து எடுத்துவந்த முட்டை என்று நம்பி மாலிவான் கும்பிட்டு வாங்கினாள். நுய்க்கு ஊட்டினாள். தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் கிழவர் முட்டையைத் தலைக்குமேல் தூக்கி வணங்கிவிட்டுத் தின்றது இன்னும் அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது. நாளைக்குப் போய்ச் சரிசெய்துவிடலாம் என்றுதான் அன்று நினைத்தான்.

முன்னால் நின்ற பெண்ணிடம் மாலிவான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் சூதாடிதான், சோம்பேறிதான், ஆனால் நேர்ந்ததை மட்டும் மறக்கமாட்டார் என்றாள். அந்தப் பெண் திரும்பி அவனைப் பார்த்துக் கைகூப்பினாள். அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

முறை வந்தது.

“நீயே வேண்டிக்கோ. நான் செருப்பப் பாத்துக்கறேன்.”

“அந்தச் செருப்ப எவன் எடுப்பான்? ஒண்ணுல வாரே இல்ல. போங்க.”

மண்டியிட்டான். படகளவு விரல், பலர் தொட்டுத் தொட்டுப் பொன் தேய்ந்திருந்தது. அண்ணாந்து அந்த முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு நுய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்து அந்த விரல்மேல் வைத்தாள்.

“நீங்களே கேளுங்கப்பா. நீங்க சொன்னாத்தான் அவர் கேப்பாரு.”