மத்தியானம் காணாமல் போகும் கம்ப்யூட்டர்

அக்கா வீட்டிலேயே எம்ப்ராய்டரி தொழில் செய்கிறாள். படம் வரையும் கம்ப்யூட்டர் முன்னறையில் இருக்கிறது. தைக்கும் மெஷினும் அதை ஓட்டும் இன்னொரு கம்ப்யூட்டரும் பின்பக்கத் தகர ஷெட்டில். அந்த மெஷின் போடும் சத்தத்தோடு மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் குடியிருக்க முடியாது. முன்னறையில் வரைந்தது ஷெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுதானில்தான் வீடே மாட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு கம்ப்யூட்டரையும் வீட்டு ரவுட்டரில் இணைத்து, முன்னறையில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, ஷெட்டிலிருந்து திறந்து காட்டியது நான்தான். அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். எங்கள் வீட்டில் பாராட்டு என்றால் அதுதான்.

மறுநாள் மத்தியானம் முன்னறைக் கம்ப்யூட்டர் காணாமல் போனது. திருடு போகவில்லை. அதே மேசையில்தான் இருந்தது. ஷெட்டிலிருந்து பார்த்தால் மட்டும் இல்லை. சாயங்காலம் எழுந்து போய்ப் பார்த்தேன். நெட்வொர்க்கில் மற்றவர்களுக்குத் தெரியலாம் என்ற அமைப்பு அணைந்திருந்தது. போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் காலையில் தெரிந்தது. மத்தியானம் மறுபடி இல்லை.

எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. விடிய விடிய குளிர் அளக்கும் மீட்டர் முட்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது ஒரு முள் ஏறினால் மணி அடிப்பேன். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவேன். கம்ப்யூட்டர் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன். வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடும்போது நான் படிப்பை விட்டவன். ஏதாவது கெட்டுப்போனால் இன்ஜினீயர்.

இன்ஜினீயர் முதலில் வெயிலைக் குறை சொன்னான். பிறகு ரவுட்டரை. பிறகு கேபிளை மாற்றினான். பிறகு விண்டோஸ் அப்டேட்டைத் திட்டினான். கம்ப்யூட்டர் எதற்கும் மசியவில்லை. காலையில் இருக்கும், சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடும்.

அக்கா பொறுத்துப் பார்த்தாள். பிறகு பழையபடி பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னறைக்கும் ஷெட்டுக்கும் நடந்தாள். அதில்தான் வந்தது வினை.

ஒரு கால்பந்து அணியின் ஜெர்சிக்கு வலது மார்பில் பருந்து தைக்க வேண்டும். முதலில் கொடுத்த படத்தில் பருந்து ஒரு பக்கம் பார்த்தது. அப்புறம் அணிக்காரர்கள், இதயம் இருக்கும் பக்கம் பார்க்கட்டும் என்று திருப்பச் சொன்னார்கள். அக்கா திருப்பினாள். ஆனால் பென் டிரைவில் போனது பழைய படம். பெட்டி முழுக்கத் தைத்து அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. அணியில் ஒருவர் விடாமல் எல்லாருடைய பருந்தும் அக்குளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆர்டர் கொடுத்த விளையாட்டுக் கடைப் பொறுப்பாளரை நாங்கள் ஜெர்சி மேடம் என்போம். அவர் போனில் சத்தம் போடவில்லை. போடாததுதான் பயமாக இருந்தது.

"தப்பு எல்லாருக்கும் வரும்மா. ஆனா பழைய படம் மெஷினுக்குப் போகவே முடியாதுன்னு எனக்குக் காட்டணும். வியாழக்கிழமை மூணு மணிக்கு வர்றேன். காட்டினா வருஷம் முழுக்க ஆர்டர் உங்களுக்குத்தான். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றாள்.

"இன்னிக்குத் தூங்காதே."

"சாகடிக்காதேக்கா."

"சாவுறதுன்னா நாலு மணிக்கு மேல சாவு. இப்ப வா."

நேற்று மத்தியானம் அணைந்த அமைப்பை நான் போடாமலே வேலைக்குப் போயிருந்தேன். போட்டேன். ஷெட்டிலிருந்து பார்த்தால் முன்னறைக் கம்ப்யூட்டர் சமர்த்தாகத் தெரிந்தது. அக்காவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

"காலையில நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். மத்தியானம் பாரு அதோட லட்சணத்த."

அவளை ஷெட்டில் உட்கார வைத்து, கம்ப்யூட்டர் மறைந்த கணமே கத்தச் சொல்லிவிட்டு, நான் முன்னறை மேசைக்கடியில் புகுந்தேன். கேபிள் சுவரில் நுழையும் இடத்தில் தளர்ச்சி இருக்கிறதா என்று மல்லாந்து படுத்துத் தடவிக்கொண்டிருந்தேன். இரவு முழுக்க விழித்தவன் மல்லாந்து படுத்தால் என்ன ஆகும்? கண் அசந்துவிட்டேன்.

சாவிக்கொத்துச் சத்தம் எழுப்பியது.

எங்கள் அம்மா சாவி வெட்டுபவள். மார்க்கெட் மூலையில் சின்ன கடை. இந்தப் பகுதியில் அவள் கை படாத கதவு குறைவு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவாள். வந்ததும் தட்டைத் தொட மாட்டாள். முதலில் வீட்டைச் சுற்றுவாள். ஒவ்வொரு பூட்டையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். முதல் இழுப்பு பூட்டுக்கு, இரண்டாவது தனக்கு என்பாள். பக்கவாட்டுக் கதவு, இரண்டு இழுப்பு. ஜன்னல் கொக்கி, இரண்டு இழுப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் அந்த நேரத்தில் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பவன். அதற்குப் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்ததில்லை.

செருப்பில்லாத இரண்டு கால்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றன. நாற்காலி இழுபட்டது. மேலே மவுஸ் சத்தம். டிக். டிக். கொஞ்சம் யோசனை. டிக்.

"என்னம்மா பண்றே?" என்றேன் கீழேயிருந்து.

"ஐயோ!" கால்கள் இரண்டும் நாற்காலிமேல் ஏறிக்கொண்டன. "பாவி! அங்க என்னடா பண்றே? உசுரே போயிடுச்சு."

"நீ என்ன பண்றேன்னு கேட்டேன்."

"என்னத்தப் பண்றேன். பூட்டறேன்."

ஷெட்டிலிருந்து அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது. "டேய்! போச்சுடா! மறுபடியும் போச்சு!"

நான் எழுந்த வேகத்தில் மேசை விளிம்பில் தலை இடித்தது. அம்மா திரையைக் காட்டினாள். முகத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இன்டர்நெட் லைன் போட வந்த பையன் சொன்னான். இது ஆன்ல இருந்தா இந்த கம்ப்யூட்டர் மத்தவங்க கண்ணுக்குத் தெரியும்னான். எங்க போய் அணைக்கணும்னு கேட்டுக் கத்துக்கிட்டேன். உங்க அக்கா மறதிக்காரி, தினமும் திறந்து போட்டுட்டுப் போயிடறா. நான் தினமும் மூடறேன்."

அக்கா கதவருகே மூச்சிரைக்க நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"தினமுமா?"

"பின்ன? சாவிக்காரி வீடுடி இது. இங்க ஒண்ணு திறந்து கிடந்தா நாளைக்கு என்கிட்ட எவன் பூட்டு வாங்குவான்?"

"மத்தவங்கன்னா தெருவுல போறவங்க இல்லேம்மா," என்றேன். "நம்ம ரவுட்டர்ல இருக்கறவங்க மட்டும்தான். ஷெட்டுல இருக்கற கம்ப்யூட்டருக்கு இது தெரியணும். நீ மூடினா அதுக்குத் தெரியாது. தெரியலேன்னுதான் இவ பென் டிரைவத் தூக்கினா."

அம்மா என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மந்தமான ஆள் இல்லை அவள்.

"அப்ப அந்தப் பருந்து?"

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். திரும்பி வந்த ஜெர்சி அத்தனையையும் தையல் பிரித்து மறுபடி தைத்தவை அவள் கைகள்தான். விரல் நுனிகளில் இன்னும் ஊசி குத்திய தடம் இருந்தது.

அம்மா மன்னிப்புக் கேட்கும் ரகமில்லை. நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, திற. ஆனா என்னத்தத் திறக்கறே, யாருக்குத் திறக்கறேன்னு எனக்குச் சொல்லிட்டுத் திற."

"மூணு மணிக்கு ஆள் வருதும்மா..."

"வரட்டும். சொல்லு."

ஃபோல்டரின் அனுமதிப் பக்கத்தைக் காட்டினேன். அங்கே ஒரே வரி: எல்லாரும். முழு அனுமதி.

"எல்லாரும்னா யாரு?"

"ரவுட்டர்ல யார் இருந்தாலும்."

"துணி குடுக்க வர்றவங்களுக்கெல்லாம் உங்க அக்கா வைஃபை பாஸ்வேர்டு குடுக்கறாளே. அவங்களும் எல்லாருமா?"

"ம்."

"அவங்க பிள்ளைங்க போன்ல கேம் ஆடுதே, அதுங்களும்?"

"ம்."

"முழு அனுமதின்னா?"

"பாக்கலாம், மாத்தலாம், அழிக்கலாம்."

அம்மா சிரித்தாள். கடையில் யாராவது பெரிய கதவுக்கு மலிவுப் பூட்டு கேட்டால் சிரிக்கும் அதே சிரிப்பு.

"இதுக்குப் பேர் பூட்டாடா? நான் மூடினதுல என்ன தப்பு?"

எனக்குச் சுருக்கென்றது. இதைவிடப் பத்திரமான வழிகள் எனக்குத் தெரியாதவை அல்ல. கிடங்கில் அதை என்னிடம் யாரும் கேட்பதில்லை, கல்லூரியில் கேட்டபோது நான் வகுப்பில் இல்லை.

"சரி, எப்படி வேணும் உனக்கு? சொல்லு, செய்யறேன்."

"ஒரு ஆபீசுக்கு நான் சாவி போட்டா, கூட்டறவங்களுக்கு ஒரு சாவி, மேனேஜருக்கு ஒரு சாவி. கூட்டறவங்க சாவி ரூமைத் திறக்கும், பீரோவைத் திறக்காது. உன் மெஷின் யாரு? கூட்டற ஆளா, மேனேஜரா?"

"கூட்டற ஆளுதான்," என்றாள் அக்கா சுவரிலிருந்து. "அது படத்தப் பாத்துத் தைச்சா போதும். அதுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் கலைந்தது. பழைய படம் மெஷினுக்குப் போகவே முடியாது என்று ஜெர்சி மேடம் கேட்டதற்குப் பதில் அங்கேயே இருந்தது.

எல்லாரும் என்ற வரியை அழித்தேன். ஷெட்டுக்கென்று தனிக் கணக்கு, தனிப் பாஸ்வேர்டு. அதற்குப் பார்க்க மட்டும் அனுமதி. வைப்பதும் எடுப்பதும் அக்காவின் கணக்குக்கு மட்டும். அந்த ஃபோல்டரில் அணி சரி என்று சொன்ன படம் ஒன்றுதான் இருக்கும். மற்றதெல்லாம் வேறு இடம். வருகிறவர்களுக்கு ரவுட்டரில் தனி வைஃபை. அதில் நுழைபவர்களுக்கு இன்டர்நெட் உண்டு, எங்கள் கம்ப்யூட்டர்கள் கண்ணில் படாது.

"தனி வாசல்," என்று அம்மா தலையாட்டினாள். ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டாள். சில கேள்விகளுக்குத் தேடிப் பார்த்துச் சொன்னேன். ஷெட்டில் போய்த் திறக்கப் பார்த்தபோது பாஸ்வேர்டு ஏற்கவில்லை. அக்கா அவசரத்தில் முன்னறையில் தினமும் அடிக்கும் பின் நம்பரை அடித்திருந்தாள். அது அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க மட்டும், ஷெட்டுக் கணக்குக்குத் தனிப் பாஸ்வேர்டு என்று விளக்கினேன்.

"அது தாழ்ப்பாள்டி, இது பூட்டு," என்றாள் அம்மா. என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.

பருந்து ஷெட்டில் தெரிந்தது. இதயப் பக்கம் பார்க்கும் ஒரே பருந்து.

அம்மா அதோடு விடவில்லை. கடையிலிருந்து துளைபோடும் மெஷினும் இரும்புத் தகடும் எடுத்து வந்தாள். சாப்பாட்டுத் தட்டு தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தை அடைத்தாற்போல ஷெட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுவரோடு பட்டை போட்டு இறுக்கினாள். முன்னால் பென் டிரைவ் செருகும் துளைகளை மூடித் தகட்டை வைத்து, ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டாள்.

"கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டப் போவுது," என்றாள் அக்கா.

"மூச்சு விட பக்கத்துல ஓட்டை இருக்கு. பாத்துட்டுத்தான் போட்டேன். எனக்குச் சொல்லித் தராதே."

ஜெர்சி மேடம் சொன்ன நேரத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றார். அக்கா முன்னறையில் படத்தைக் காட்டி, ஷெட்டுக்குக் கூட்டிப் போய் அதே படம் அங்கே தெரிவதைக் காட்டினாள். மேடம் எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

"இதுல அந்தப் பழைய படம் இருக்கு. இதை நான் இப்ப மெஷினுக்குப் போட்டா?"

சோதிக்கவே கொண்டுவந்திருக்கிறார். அக்கா ஒதுங்கி நின்று, "போடுங்க மேடம்," என்றாள்.

மேடம் குனிந்தார். துளையைத் தேடினார். தகட்டையும் பூட்டையும் பார்த்தார்.

"இழுத்துப் பாருங்க," என்றாள் அம்மா. கடைக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம். கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

மேடம் இழுத்தார்.

"இன்னொரு தடவை."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தடவை இழுத்தார். பிறகு அவரே மவுஸைப் பிடித்து, திரையிலிருந்த பருந்தை அழிக்கப் பார்த்தார். அனுமதி இல்லை என்று வந்தது. பெயரை மாற்றப் பார்த்தார். அனுமதி இல்லை.

"யாருக்குத்தான் அனுமதி?"

"எனக்கு," என்றாள் அக்கா. "எனக்கு மட்டும். தப்பு வந்தா என்னைக் கேட்டா போதும்."

அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. நேற்றுவரை பென் டிரைவைக் குறை சொன்னவள், என்னைக் குறை சொன்னவள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மெஷினை ஓட்டினாள். ஷெட் அதிர்ந்தது. வளையத்தில் இறுக்கிய துணியில் அலகு வந்தது, கண் வந்தது, இறக்கை வந்தது. மேடம் துணியைத் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். பருந்து சரியான பக்கம் பார்த்தது.

"திங்கட்கிழமை துணி அனுப்பறேன். வருஷத்துக்கும் சேத்துப் பேசிக்கலாம்," என்றார். போகும்போது அம்மாவிடம், "எங்க கடை ஷட்டர் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது, வந்து பாக்கறீங்களா?" என்றும் கேட்டார்.

"உங்க கடைப் பூட்டா? அந்தப் பக்கம் போனப்பவே பாத்தேன். அது பூட்டே இல்ல," என்றாள் அம்மா.

அவர் போனதும் அக்கா என் முதுகில் ஒரு அறை விட்டாள். போன தடவையைவிட பலமாக. அம்மாவுக்கும் ஒன்று விழுந்தது. அம்மா திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் நான் தூங்கவில்லை. பார்ப்பதற்காகவே விழித்திருந்தேன். சாவிக்கொத்து வந்தது. பக்கவாட்டுக் கதவு, இரண்டு இழுப்பு. ஜன்னல், இரண்டு இழுப்பு. முன்னறை நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். டிக். டிக். அமைப்பு திறந்திருந்தது. மவுஸ் மேல் கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடாமலே எழுந்து ஷெட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தகட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்தாள். திரையில் பருந்தை அழிக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை. மறுபடி அழிக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை.

"அசையல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனாள்.