இருபத்தைந்து விநாடிக்குள் ஓர் ஓட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் நாத்தனார் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் கிடைத்தது. தேய்த்தவர் என் கணவர். துடைத்து அடுக்கியவள் நான். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். நானும் "சரி" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் மனசு தாளையும் பேனாவையும் தேட ஆரம்பித்துவிட்டது. எழுதுகிறவளைக் கட்டிக்கொண்டவர் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

ஆக, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது கொடுத்த வாக்கை மீறலாமா என்று யோசித்தபடியே எழுதிய கதை. மீறினேனா என்று கடைசியில் தெரியும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"கார்கள் சீறின. இன்ஜின்களின் உறுமலில் வானமே

வேண்டாம். கார் பந்தயக் கதை என்றாலே வானத்தை வம்புக்கு இழுக்கிறார்கள். தவிர, உறுமல் கேட்டால் எனக்குத் தலைவலி வரும்.

இரண்டாம் முயற்சி:

"ஒரே வயிற்றில் பிறந்த இருவர். அக்கா பந்தய விதிகளை எழுதுகிறாள். தம்பி அவற்றில் ஓட்டை தேடுகிறான்."

இது நிற்கட்டும். நாத்தனாருக்குப் பந்தயச் சங்க அலுவலகத்தில் வேலை. இரண்டாம் மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை. விதிப்புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் அவர் கை வழியாகப் போவது. என் கணவர் ஓர் அணியில் வியூகம் வகுப்பவர். வண்டி ஓட்ட மாட்டார், ஸ்பானரைத் தொட மாட்டார். எந்தச் சுற்றில் டயர் மாற்றுவது, எப்போது முந்துவது, எப்போது பொறுமையாக இருப்பது என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வதுதான் வேலை. அதில் பாதி, அக்கா எழுதியதை வரிவரியாகப் படிப்பது.

(இதை எப்படி அனுமதிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். வேலை விஷயத்தை வீட்டில் பேச மாட்டோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பந்தயம் இல்லாத ஞாயிறுகளில் நாத்தனார் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. அங்கே யார் வாயிலிருந்து பந்தயப் பேச்சு வருகிறதோ அவர் பாத்திரம் தேய்க்க வேண்டும். பெரும்பாலும் யார் தேய்க்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

3

இனி கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.*

தடத்தில் விபத்து நடந்தால் முன்பெல்லாம் ஒரு வழிகாட்டிக் கார் உள்ளே வரும். பந்தய வண்டிகள் அதன் பின்னால் வரிசையாக ஊர்ந்து போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கார் வந்து சேர்வதற்குள் டயரை மாற்றிவிட்டால் அரை நிமிடம் லாபம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். அதிலிருந்து எங்கே விபத்து நடந்தாலும், மற்ற வண்டிகள் மெதுவாவதற்குப் பதிலாக டயர் மாற்றும் இடத்தை நோக்கிப் பறந்தன. ஆபத்தைக் குறைக்க வந்த விதி, ஆபத்தான நேரத்தில்தான் வேகத்தைக் கூட்டியது. இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படிப் பறந்த ஒரு வண்டி, தடத்தில் உடைசல் பொறுக்கிக்கொண்டிருந்த கொடிக்காரர் ஒருவரின் காலில் இடித்தது.

அது எங்கள் அணியின் வண்டி இல்லை. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு எங்கள் வீட்டில் நடந்தது. கண்டுபிடித்தவர் அன்றிலிருந்து மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

நாத்தனார் உடனே புது விதி எழுதினார். தடத்தைச் சுற்றி அறுநூறு மீட்டருக்கு ஒரு தூண். தூணில் நேரம் குறிக்கும் கருவி. விபத்து நடந்து மஞ்சள் விளக்கு எரிந்தால், ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு இருபத்தைந்து விநாடிக்குக் குறையாமல் வர வேண்டும். அதாவது மணிக்கு எண்பத்தாறு கிலோமீட்டர். யாரும் எங்கேயும் பறக்க முடியாது. பறந்தால் பந்தயத்திலிருந்து நீக்கம்.

* எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளிலும் இடதுபக்கம் மட்டும்தான் திரும்புவேன். தப்பு இருந்தால் என் கணவரைக் கேளுங்கள்.

4

இங்கே கொடிக்காரரை உள்ளே கொண்டுவர வேண்டும். கதைக்கு அவர் தேவை என்பதற்காக அல்ல, எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதற்காக.

வாரநாளில் பள்ளி பஸ் ஓட்டுகிறார். பந்தய நாளில் சம்பளம் இல்லாமல் கொடி பிடிக்கிறார். கால் உடைந்த அதே மனிதர்தான். காலில் தகடு வைத்திருக்கிறார்கள். மறு வருடமே அதே வளைவில் போய் நின்றுவிட்டார். போன மாதம் அங்கே என்னிடம் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே பேசினார்.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"முன்னாடி இருந்துச்சு மேடம். ஒரு கண்ணு உடைசல்ல இருக்கும், ஒரு கண்ணு வர்ற வண்டியில இருக்கும். ரெண்டும் உருப்படியா நடக்காது. இப்ப அந்தப் புது விதி வந்தப்புறம் நிம்மதி. மஞ்சள் விழுந்தா முதுகைக் காட்டிக்கிட்டு வேலை பாக்குறோம்."

"விதி எழுதினது என் நாத்தனார்தான்."

"அப்படியா? அவங்களுக்கு ரெண்டு பிஸ்கட் எடுத்துட்டுப் போங்க."

எடுத்துப் போனேன். நாத்தனார் அதைச் சாப்பிடவில்லை, மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். எறும்பு வந்துவிடும் என்று சொன்னேன், கேட்கவில்லை.

5

இப்போது பாத்திரம் தேய்க்கும் இடம். போன ஞாயிறு. கூடத்தில் நாத்தனார் செய்தித்தாளோடு சாய்ந்திருந்தார். என் கணவர் குழாயை வேகமாகத் திறந்துவிட்டார், சத்தத்துக்காக.

"ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்."

"ஐயோ."

"கேளு. தூணு நேரத்தைத்தான் பாக்குது. வேகத்தைப் பாக்கலை. தூணைத் தாண்டினதும் பாதி தூரம் ஊர்ந்து போனா இருபது விநாடி ஆகும். மிச்ச பாதியை அஞ்சு விநாடியில பறந்துடலாம். கூட்டினா இருபத்தஞ்சு. கருவிக்கு எல்லாம் சரி."

"பறக்கிறதுன்னா?"

"இருநூறுக்கு மேல. டயர் சூடு ஆறாது, பிடிப்பு நிக்கும். பச்சை விழுந்து பந்தயம் திரும்ப ஆரம்பிக்கிற நேரத்துல மத்தவன் எல்லாம் எண்பதுல இருப்பான், நம்ம வண்டி இருநூறுல இருக்கும். கடைசிப் பந்தயம் வர்ற ஞாயிறு. ஒரே ஒரு புள்ளிதான் பின்னாடி இருக்கோம். பதினோரு வருஷமா ஒரு கோப்பைகூட வாங்கலை."

"தடத்துல ஆள் நிப்பாங்களே."

அவர் தட்டைத் தேய்த்தார். அது ஏற்கெனவே தேய்த்த தட்டு.

"விபத்து நடந்த பகுதியில செய்ய மாட்டோம். மத்த பகுதியில மட்டும்தான்."

"மத்த பகுதியில ஆளே இருக்க மாட்டாங்களா?"

"ஆம்புலன்ஸ் போகும். இழுவை வண்டி போகும். ஆளுங்க குறுக்க ஓடுவாங்க." அடுத்த தட்டை எடுத்துக்கொண்டே, "நான் செய்யலைன்னாலும் இன்னொருத்தன் கண்டுபிடிப்பான்" என்றார். பிறகுதான் அக்காவிடம் சொல்லிவிடாதே என்றது.

6

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. ஒரு வரைவில் அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். "அவர் கண்களில் ஒரு பேராசை" என்று எழுதி நிமிர்ந்தால், எதிரே மஞ்சள் ரப்பர் கையுறையோடு நிற்கிறார். அந்தக் கோலத்தில் யாரும் வில்லனாக முடியாது.

அவருக்குக் கோப்பை ஆசை உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. பதினோரு வருடம் அடுத்தவர் மேடையேறும்போது கீழே நின்று கைதட்டியவர். ஆனால் கொடிக்காரர் மருத்துவமனையில் இருந்தபோது வாரம் இரண்டு முறை போனவரும் அவர்தான். எதற்கு வருகிறார் என்று சொல்லாமலே போனார். இரண்டும் ஒரே ஆள். இதில் எதை நம்புவது என்று நானே தடுமாறினேன்.

7

முடிவுகள். இவற்றையெல்லாம் எழுதிப் பார்த்தேன்.

அ) மஞ்சள் விழுகிறது, அவர் ஓட்டையைப் பயன்படுத்துகிறார், ஜெயிக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் எல்லா அணியும் அதையே செய்கிறது. [இதன் பிறகு எழுத எனக்கு மனம் வரவில்லை.]

ஆ) அவர் பயன்படுத்தவில்லை. இன்னொரு அணி பயன்படுத்துகிறது. அந்த வளைவில் கொடிக்காரர் குனிந்து

இல்லை.

இ) நான் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு விதிகளை வெள்ளி மாலைவரை திருத்தலாம். திருத்துகிறார். என் கணவர் என்னோடு பேசுவதில்லை.

எனக்கு இ) சரியென்று பட்டது. பயமாகவும் இருந்தது. பதினாறு வருடத்தில் நாங்கள் ஒருநாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. அப்போதுதான் புத்தி குறுக்கே ஓடியது. "சொல்லாதே" என்றுதானே சொன்னார்? எழுதாதே என்று சொல்லவில்லையே. நான் எழுதும் எல்லாவற்றையும் முதலில் படிப்பவர் நாத்தனார். வழக்கம்போல இதையும் கொடுத்துவிட்டால்?

பாருங்கள் என் யோக்கியதையை. வாக்கைத் தூணுக்குத் தூண் சரியாக வைத்துக்கொண்டு நடுவில் பறக்கப் பார்க்கிறேன். அவருடைய ஓட்டைக்கும் என் ஓட்டைக்கும் என்ன வித்தியாசம்? வெட்கமாக இருந்தது. புதன்கிழமை காலை, வரைவை நாத்தனாருக்குக் கொண்டுபோகாமல், என் கணவரின் மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

8

திரும்பி வந்தபோது அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். வரைவு சாப்பாட்டு மேசையில் இருந்தது.

ஐந்தாம் பகுதியை நீங்கள் படித்த வடிவத்தில் நான் எழுதவில்லை. என் அறிவுக்கு எட்டியபடி, முதல் பாதியில் பறந்து இரண்டாம் பாதியில் ஊர்வதாக எழுதியிருந்தேன். அதைப் பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்:

"தலைகீழா எழுதியிருக்க. முதல்ல ஊரணும், அப்புறம்தான் பறக்கணும். அப்பதான் பச்சை விழும்போது வேகம் கையில இருக்கும். இப்படிக் குடுத்தா அக்காவுக்குப் புரியாது."

கடைசி வாக்கியத்தை நின்றபடியே மூன்று தடவை படித்தேன். பிறகு உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுதினால் மிகையாகிவிடும் என்று முதலில் விட்டிருந்தேன். அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன்.

9

வியாழன் காலை, இரண்டாம் மாடி. நாத்தனார் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு படித்தார். ஐந்தாம் பகுதிக்கு வந்ததும் மூடி வாயிலிருந்து விழுந்தது.

"இருபதும் அஞ்சும்" என்றார். "நேரத்தைப் பிடிச்சா வேகத்தைப் பிடிச்சாச்சுன்னு நினைச்சேனே. ஏழாம் வகுப்புப் பையன் கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்."

"நீங்க மட்டுமா அண்ணி? எல்லா அணியும்தான் படிச்சாங்க."

"அவன் இதைப் பாத்தானா?"

ஓரத்துப் பென்சில் எழுத்தைக் காட்டினேன். தம்பியின் கையெழுத்து அவருக்குத் தெரியும். எழுதக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானாம்.

"இந்த ஓட்டையை அடைச்சா அவனுக்குக் கோப்பை கஷ்டம்னு தெரியுமா அவனுக்கு?"

"எனக்கே அவர்தானே சொன்னாரு."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார், ரொம்ப நேரம். பிறகு போனை எடுத்து, கருவி பொருத்துகிறவரைக் கூப்பிட்டார். வண்டிக்குள் வேகத்தைப் பதிவு செய்யும் பெட்டியை மஞ்சள் நேரம் முழுவதும் பார்க்க முடியுமா, நடுவில் எங்கேயும் நூறைத் தாண்டினால் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாராம். இந்த விவரம் எங்கிருந்து வந்தது என்பதையும் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார், தம்பி என்ற சொல்லை விடாமல்.

10

இனி நான் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் எரிந்ததா, அந்த ஒரு புள்ளி என்ன ஆனது, மேடையில் யார் ஏறினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை. கோப்பையை உங்களுக்குப் பிடித்தவருக்குக் கொடுத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டிய முடிவு வியாழன் மாலை நான்கு மணிக்கே வந்துவிட்டது. திருத்திய விதி எல்லா அணிக்கும் போன நேரம் அது. என் கணவர் போன் செய்தார்.

"புது விதி வந்திருக்கு."

"படிச்சீங்களா?"

"நாலு தடவை."

"ஓட்டை?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஐந்தாவது தடவையும் படிக்கிறார் என்று புரிந்தது. நான் காத்திருந்தேன்.

"ஒண்ணும் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பதினாறு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.