குளியல் தொட்டி வீட்டைவிட்டுப் புறப்பட்ட வரலாறு

குழாய்க்காரரின் பின்முற்றத்திலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பப்பட்ட குளியல் தொட்டி, லாரி திரும்பி வருவதற்கு முன்பாகவே நடந்து வீடு வந்து சேர்ந்தது. அதன் நான்கு இரும்புக் கால்களிலும் நெடுஞ்சாலைச் சேறு அப்பியிருந்தது. பனி உருகி, மண் இளகி, மரங்களில் மொட்டு தலைகாட்டும் இளவேனில் தொடக்கம் அது. புறநகரின் எல்லா வீடுகளிலும் முற்றம் கூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபடியால், தெருவில் வந்த தொட்டிக்கு அனைவரும் துடைப்பத்தை ஓரமாகப் பிடித்து வழிவிட்டனர்.

தொழிலில் இருந்த காலமெல்லாம் குழாய்க்காரர், பிறர் வீடுகளில் கழற்றிய எதையும் எறிந்தாரில்லை. வீட்டிற்குக் கொண்டுவந்து, ஓசையால் அதன் உறுதியை அறியும்பொருட்டுக் குறடால் தட்டிப் பார்த்து, “ஒரு நாளைக்கு உதவும்” என்று அதனிடமே சொல்லி இறக்கிவைப்பார். ஆண்டுகள் உருண்டன. மகள் வளர்ந்து, மணமுடித்துப் போனாள். தோள்வலி வந்து தொழிலும் நின்றது. ஆயினும் அவர் எவரிடமும் நின்றுவிட்டதாகக் கூறவில்லை. இதற்கிடையில் வாஷ்பேசின்களும் கொதிகலனும் துருவேறிய குழாய்களும் பின்கதவுவரை நெருங்கிவிட்டன. அந்தக் குளிர்காலத்தில் அவர் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. நாள்தோறும் சமதரையில் நடக்காவிடில் மூட்டு இறுகிவிடும் என்றும், பின்னர் வாக்கரைப் பிடித்தே காலம் தள்ள நேரும் என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார். வீட்டின் முன்புறமோ செங்குத்தான படிகள். சமதரை என்றிருந்தது பின்முற்றம் ஒன்றே.

ஆகவே மகளும் மருமகனும் லாரியோடு வந்தனர்; மனைவியின் தங்கையும் கையுறையோடு வந்து சேர்ந்தாள். மகள் ஈர இலைகளை வாரிக் குவித்தாள். தங்கை காய்ந்த கொப்புகளை ஒடித்துக் கட்டினாள். மருமகன் கனமானவற்றைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே பழைய இரும்புக் கிடங்கில் தள்ளினார். எனினும் தள்ளியவை யாவும் திரும்பி வந்தன. வாஷ்பேசின்கள் உருண்டு வந்தன. குழாய்கள் வேலிக்கடியில் ஒன்றன்பின் ஒன்றாய் நுழைந்து, தத்தம் பழைய இடத்தில் படுத்துக்கொண்டன.

“மாமா, நான் கிடங்கு கதவ மூடிட்டுத்தான் வந்தேன்” என்றார் மருமகன், தம்மீது பழி விழுமோ என்ற அச்சத்துடன்.

“உங்க மேல தப்பில்ல மாப்பிள்ள. அத்தான் வாக்கு குடுத்திருக்காரு, அதுங்க நம்பிடுச்சு” என்றாள் தங்கை. “அக்காகூட இவர இவ்வளவு நம்பினதில்ல.”

“உதவும்னுதானே வச்சேன்” என்று முணுமுணுத்தார் குழாய்க்காரர்.

“யாருக்குப்பா?” என்றாள் மகள், வாருகோலை ஊன்றி நின்றபடி. அவர் கொதிகலனின் மூடியைத் திருகிச் சரிசெய்தார்.

அப்போது பின்கதவில் மனைவி வாக்கரோடு வந்து நின்றாள். அதன் முன்கால்கள் வாசற்படியைத் தாண்டியதும் தொட்டியில் இடித்து நின்றன. அவள் சினக்கவில்லை. “இந்த மாசம் போச்சுன்னா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னப்ப நீங்களுந்தானே பக்கத்துல இருந்தீங்க” என்று மட்டும் சொன்னாள்.

குழாய்க்காரர் கொதிகலனை விட்டு நகர்ந்தார். பின்பு உள்ளே சென்று குறடை எடுத்துவந்தார். தொட்டியருகே குந்தி, அதன் விளிம்பை மெல்லத் தட்டி, “காத்திருந்தது போதும். நான் தொழில விட்டுட்டேன்” என்றார். அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதன்முறை. தொட்டி சிறிது தயங்கியது. பிறகு லாரியை எதிர்பாராமல் தானே வாயிலைக் கடந்து சென்றது. ஒவ்வொன்றாக அவர் தட்டித் தட்டிச் சொல்லச் சொல்ல, அவையும் எழுந்து போயின. வெயில் சாய்வதற்குள் முற்றத்தில் கருமண் மட்டுமே எஞ்சியது. “தோள்வலி போன மாதிரி இருக்கு” என்றார் அவர். “இத்தன சுமைய இறக்கினா வலி எப்படி இருக்கும்” என்றாள் தங்கை. மருமகன் காலி லாரியை ஓட்டிச் சென்றார்.

மனைவி அன்றே வேலிவரை நடந்து திரும்பினாள். மறுநாளும் நடந்தாள், மழை நாளில் குடைபிடித்தபடி கணவர் உடன் நடந்தார். கோடை பிறந்தபின் ஒரு காலையில் அவள் வெறுங்கையாக முற்றத்தில் இறங்கியதைக் கண்ட வாக்கர், முன்புறப் படிகளில் டக் டக்கென்று இறங்கித் தெருவில் நடக்கத் தொடங்கியது. குழாய்க்காரர் அது போகும் வழியில் கேட்டைத் திறந்துவிட்டு, மீண்டும் மூடி, தாழ்ப்பாளைப் போட்டார்.