குட்டைக் கொம்பு

வாசலுக்கு எதிரே தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, வெளியே போகிறவர்களின் கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பையோடு போனால் ஒரு கோடு, வெறுங்கையோடு போனால் ஒரு சுழி. புதிய சந்தையில் கடை பிடிப்பதற்கு முன், ஒரு வருஷம் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். சோல்போன்-அட்டா ஏரிக்கரைச் சந்தை ஓகோவென்று நடப்பதாக எங்கள் ஊர் கொச்கோரில் எல்லாரும் சொன்னார்கள். நடத்துகிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள், நான் கைகளைத்தான் நம்புவேன். அரை மணியில் முப்பத்தொரு கோடு, நாற்பது சுழி. மோசமில்லை.

பிறகு உள்ளே ஒரு சுற்று வந்தேன். கூரை ஒழுகுமா, கழிப்பறை எவ்வளவு தூரம், என்னைப் போல் கம்பளி விரிப்பு விற்கிறவர்கள் எத்தனை பேர். ஆறு பேர். அதில் நாலு பேருடைய தையலைப் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

கடைசிக் கடையில் என் மகள் பெகிமாயின் விரிப்பு தொங்கியது.

சந்தேகமே இல்லை. எங்கள் விரிப்புகள் ஒற்றையாகப் பிறப்பதில்லை. சிவப்புக் கம்பளியையும் கறுப்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரே கத்தியால் ஆட்டுக்கொம்பு வடிவத்தில் வெட்டுவோம். சிவப்பில் விழுந்த ஓட்டையில் கறுப்பு உட்காரும், கறுப்பில் சிவப்பு. ஆக இரண்டு விரிப்புகள். ஒன்றை அவள் கல்யாணச் சீரில் வைத்தேன், மற்றது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வெட்டும்போது கத்தி வழுக்கி இரண்டிலும் ஒரு கொம்பு குட்டையாகிவிட்டது. அந்தக் குட்டைக் கொம்பு இதோ, என் முகத்துக்கு நேரே.

கடைக்காரி பெயர் கேன்ஜே. நான் தையலைத் தடவிய விதத்திலேயே தொழில்காரி என்று கண்டுபிடித்துவிட்டாள். யார் செய்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"யாரோ நல்ல கைகாரிக்கா. இனிமே கெடைக்காது. செஞ்சவங்க செத்துட்டாங்களாம்."

"யாரு சொன்னா?"

"அவங்க மகதான். மார்ச்ல கரகோல்லேர்ந்து கொண்டாந்து குடுத்துச்சு. புருஷன் வீட்ட விட்டு வந்துட்டேன், மாஸ்கோவுக்கு வேலைக்குப் போறேன்னுச்சு. அம்மா வீட்டுக்குப் போயேண்டின்னேன். அம்மா இல்லக்கா, போய்ட்டாங்கன்னு சொல்லிச்சு."

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவள் கரகோலில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து நின்றாள். சூப் கொடுத்தேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. மறுநாள் காலை வேனில் ஏற்றிவிட்டேன். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் அம்மா என்று கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஊர் என்ன பேசும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஞாயிறு தவறாமல் போன் மட்டும் செய்வாள். ஏப்ரலில் மாமியார் வீட்டுப் பசு கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை என்றாள். அதை நான் தெருவெல்லாம் சொன்னேன்.

செய்தவள் இங்கேதான் நிற்கிறாள் என்று கேன்ஜேயிடம் சொல்லியிருக்கலாம். என் மகள் சொன்னதைப் பொய் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? ஏற்கெனவே விலை பேசி முடித்திருந்த ஒரு ரஷ்யத் தம்பதி விரிப்பை வாங்கிப் போக வந்தார்கள். கேன்ஜே அவர்களிடமும், செய்தவர் இறந்துபோன கதையைச் சொன்னாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றாள். எனக்காக.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்றும் ஞாயிறு. போன் அடித்தது.

"சாப்டீங்களாம்மா?"

"கன்னுக்குட்டி எப்படிடி இருக்கு?"

"நல்லா வளந்துருச்சும்மா. தோட்டத்த எல்லாம் மேஞ்சுருது."

அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண், தட்டுகளைச் சீக்கிரம் கழுவச் சொல்லி ரஷ்ய மொழியில் கத்தினாள்.

"வாடி," என்றேன். "ஒரு வாரம் இருந்துட்டுப் போ."

அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பாக்கலாம்மா. இங்க வேலை இருக்கு," என்று வைத்துவிட்டாள்.

ரஷ்யக்காரர் விரிப்பைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். சுருளின் விளிம்பில் குட்டைக் கொம்பு வெளியே தெரிந்தது. பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டேன்.