திருப்பி மாட்டிய ஹெட்போன்

ஸ்டுடியோ வட்டாரத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். பாடகி மூச்சை இழுக்கும்போது நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். தனித்தனியாகப் பதிவு செய்த குரலையும் வாத்தியங்களையும் ஒன்றுசேர்த்து, எது முன்னால் நிற்க வேண்டும், எது ஓரமாக ஒதுங்க வேண்டும் என்று அளவு பார்த்து ஒரே பாட்டாக்கித் தருவது அவள் வேலை. மிக்ஸிங் என்பார்கள். அந்த வேலையிலேயே அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

வீட்டின் பின்னறைதான் வேலையிடம். சின்ன அறை. ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் என்னும் அடித்தொனி எல்லாம் மூலையில் போய்க் குவிந்துகொண்டு, இல்லாததை இருப்பதாகக் காட்டும். அதனால் முக்கால்வாசி வேலை ஹெட்போனில்தான்.

முதல் புகாரைச் சொன்னவன் கொழுந்தன். இசையமைப்பாளன். அண்ணியின் கை படாமல் அவன் பாட்டு ஒன்றுகூட வெளியே போனதில்லை.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. வலது பக்கம் அந்த மணிச் சத்தம் கொஞ்சம் குத்துது."

"உன் கார் ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கும். பாரு."

"புது கார் அண்ணி."

"அப்ப புதுசுலயே கிழிஞ்சது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த பாட்டுக்குப் பாடகியும் அதையே சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெட்போனைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பஞ்சு நசுங்கி அப்பளமாகியிருந்தது. இதுதான் காரணம் என்று முடிவு கட்டினாள்.

கணவர் ஏசி மெக்கானிக். எதைக் கண்டாலும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் விடமாட்டார். ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் சோதித்துவிட்டு, "ரெண்டும் ஒரே அளவுதான் காட்டுது. இதுல கோளாறு இல்ல" என்றார்.

"ஏங்க, இது என்ன கம்ப்ரஸரா? கேட்டுப் பாத்தாதான் தெரியும்."

"பாம்புச்செவி சொன்னா சரிதான்" என்று அவர் மீட்டர் வயரைச் சுருட்டி வைத்தார்.

மறுநாளே கடைக்குப் போனாள். ஹெட்போன் மட்டுமே விற்கும் கடை. உள்ளே கம்பளம் விரித்த சிறு அறை, ஒரு சாய்வு நாற்காலி, மேஜை. அவள் கேட்டது திறந்த வகை. காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலையாக இருக்கும். சத்தம் உள்ளேயே அடைபடாமல் வெளியே போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாதிப் பாட்டு கேட்கும் என்றாலும், போட்டுக்கொள்பவருக்குத் தலைக்குள் யாரோ பாடுவதுபோல இராமல், எதிரே கூடத்தில் பாடுவதுபோல இருக்கும். எது எங்கே நிற்கிறது என்று பார்க்க அதைவிட நல்லது கிடையாது.

கடைக்காரர் மூன்றைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். மூன்றாவது ரொம்ப விலை. அதைக் கையிலெடுக்கும்போது அவரே மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

தனக்கு அத்துப்படியான ஒரு பழைய பாட்டை அவள் போட்டாள். அவளே மிக்ஸ் செய்தது. பெண் குரல் நட்டநடுவில். வலது பக்கம் சின்ன மணிகள். இடது பக்கம் கிடார் கம்பியில் விரல் உரசும் மெல்லிய ஒலி.

முதல் ஹெட்போனில் மணிகள் துணி சுற்றினாற்போல மங்கிக் கேட்டன. குரலில் 'ச' வரும் இடமெல்லாம் இடப்பக்கம் நழுவியது.

"இது சரியில்ல. அடுத்தது கொடுங்க."

அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பேஸ் அருமை. குரல் எதிரே வந்து நின்றது. ஆனால் மணி மட்டும் அதே மங்கல்.

"என்னங்க இது, மூணுலயும் வலது பக்கம் செத்துக் கிடக்கு?"

கடைக்காரர் வாங்கித் தன் தலையில் மாட்டிக் கேட்டார். அவள் முகத்தையும் பார்த்தார். "எனக்கு நல்லாத்தான் கேக்குது மேடம். மணி கணீர்னு இருக்கே."

அவள் கையை நீட்டினாள். ஹெட்போனை வாங்கி, இடது கிண்ணம் வலது காதில் வரும்படி திருப்பி மாட்டினாள். கோளாறு ஹெட்போனில் என்றால் மங்கலும் இடது காதுக்கு மாற வேண்டும். பாட்டு தொடங்கியது. மணிகள் இடது காதில் பளிச்சென்று ஒலித்தன. இப்போது கிடாரின் விரல் உரசல்தான் வலது காதில் காணாமல் போயிருந்தது.

பாட்டு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தனக்குக் கேட்காத மணியைக் கேட்க வைக்கத்தான் இத்தனை நாளாக அதை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் குத்தியது, அவளுக்கு மட்டும் சரியாக இருந்தது.

"தண்ணி கொண்டு வரவா மேடம்?"

"வேணாங்க. ஹெட்போன்ல ஒண்ணும் இல்ல. நான் திரும்ப வரேன்."

காது டாக்டர் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். பிறகு கோடு போட்ட தாளைக் காட்டினார். இடது காதின் கோடு ஒழுங்காகப் போயிற்று. வலது காதின் கோடு கூர்மையான ஒலிகள் வரும் இடத்தில் பள்ளத்தில் இறங்கியிருந்தது.

"போனது திரும்பாதும்மா. மீதியைக் காப்பாத்திக்கலாம். சத்தத்தைக் குறைங்க. இடையில இடையில காதுக்கு ஓய்வு கொடுங்க."

"வேலையை விடணுமா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். கணவர் தாளை நெடுநேரம் பார்த்தார். "வெளியில யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். "தெரிஞ்சா யாரு உன்கிட்ட வேலை கொடுப்பா?"

"தெரியாம வச்சு தம்பி பாட்டை இன்னும் எத்தனை கெடுக்கறது?"

"அவன்கிட்டயே சொல்லப் போறியா?"

"அவன்கிட்டதான் முதல்ல."

அன்று மாலையே கொழுந்தனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். அவன் புது ஆல்பம் ஒன்றுக்கான பாட்டுகளைப் பதிவு செய்து முடித்திருந்தான். கேட்டதும் முகம் வாடிவிட்டது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தான்.

"அதெல்லாம் அப்புறம். இந்த ஆல்பத்தை நான் பண்ணலாமா, வேணாமா? அதைச் சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். "ஒரு பாட்டை மட்டும் வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துப் பாக்கறேன் அண்ணி. தப்பா நினைக்காதீங்க."

"நினைக்கல. அதே பாட்டை நானும் பண்ணித் தரேன். எது யாரோடதுன்னு தெரியாம கேளு."

சொல்லிவிட்டாளே தவிர, அவன் போன பிறகு சமையலறையில் நின்று அழுதாள். அழுது முடித்து முகம் கழுவினாள். வாங்கப்போகும் ஹெட்போனில் எதைப் பார்க்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினாள்.

இந்த முறை கடையில் அவள் கேட்ட கேள்விகள் வேறு. இடது, வலது இரண்டு கிண்ணமும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி ஒலிக்கிறதா? மெதுவாக வைத்தாலும் தெளிவு குறையாமல் இருக்கிறதா? திருப்பி மாட்டினால் காதில் ஒழுங்காக உட்காருகிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்டுக் கடைக்காரர் விழித்தார்.

"திருப்பி எதுக்கு மேடம் மாட்டணும்?"

"என் வலது காது பாதி நாள் லீவு போட்டிருக்குங்க. அதோட வேலையையும் இடதுதான் பாக்கணும்."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானும் கூட உட்கார்ந்தார். விலை உயர்ந்ததுதான் முதலில் தோற்றது. அதன் பஞ்சு காதின் வளைவுக்கேற்பப் பின்பக்கம் தடிப்பாகவும் முன்பக்கம் ஒல்லியாகவும் தைக்கப்பட்டிருந்தது. நேராகப் போட்டால் மெத்தை. திருப்பிப் போட்டால் ஒரு பக்கம் இடைவெளி விட்டு, பேஸ் ஒழுகிப் போயிற்று. முதலாவது எல்லாவற்றையும் தேன் தடவிக் கொடுத்தது. மோசமான பதிவைப் போட்டாலும் இனித்தது. உட்கார்ந்து ரசிக்க நல்லது, வேலைக்கு ஆகாது. இரண்டாவது பார்வைக்கு ஒன்றுமில்லை. தலையைக் கொஞ்சம் இறுக்கியது. ஆனால் பஞ்சு வட்டமாக, எப்படிப் போட்டாலும் ஒரே மாதிரி உட்கார்ந்தது. சத்தத்தைத் தாழ்த்தித் தாழ்த்தி வைத்தாள். கிசுகிசுக்கும் அளவிலும் பாடகி உதடு பிரியும் ஒலி இடது காதில் கேட்டது.

"இது."

"இது தலையை இறுக்குமே மேடம்?"

"போகப் போகத் தளரும். இல்லன்னா என் தலை பழகிக்கும்."

அதன் பிறகு அவள் வேலை செய்யும் முறையே மாறிப்போயிற்று. ஒவ்வொரு பாட்டையும் நேராக மாட்டி ஒரு தரம் கேட்டாள், திருப்பி மாட்டி ஒரு தரம் கேட்டாள். வலப்பக்கத்து வாத்தியங்களின் கூர்மையைப் பற்றிய முடிவெல்லாம் திருப்பி மாட்டியபோதுதான். பழைய பழக்கத்தில் கை மணியை ஏற்றப் போகும். தானே தன் கையை அதட்டி இறக்குவாள். வேலை இரட்டிப்பு நேரம் பிடித்தது. நடுநடுவே எழுந்துபோய் ஓசையில்லாமல் துணி மடித்தாள்.

ஒரு முற்பகலில் கொழுந்தன் வந்தான். அவன் அண்ணன்தான் இரண்டு மிக்ஸையும் பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டினார். அவள் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவன் பலமுறை மாற்றி மாற்றிக் கேட்டான்.

"முதல்ல போட்டதுல பேஸ் நல்லா முறுக்கேறி நிக்குது. ஆனா குரல் ரெண்டாவதுலதான் உயிரோட இருக்கு. மணியும் குத்தல." அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். "ரெண்டாவது உங்களுதுதானே?"

"ஆமா. முதல் மிக்ஸ் பண்ணினவரோட பேஸ் எனக்கும் பிடிச்சது. எப்படிப் பண்ணினார்னு கேட்டுச் சொல்லு."

"ஆல்பம் உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி."

"முழுசா வேணாம். அந்த ரெண்டு டான்ஸ் பாட்டை அவர்கிட்டயே கொடு. அதைச் சத்தமா வச்சுக் கேட்டே ஆகணும். என் காதுக்கு ஆகாது. மத்ததெல்லாம் நான் பண்றேன். முடிச்சதும் வலது பக்கத்தை நீ ஒரு தரம் கேட்டுச் சரி சொல்லணும். சும்மா தலையாட்டக் கூடாது."

"நான் எப்ப தலையாட்டினேன்? முதல்ல குறை சொன்னவனே நான்தானே."

"அதுக்குத்தான் உன்னைச் சொல்றேன்."

ஆல்பத்தின் கடைசிப் பாட்டை முடித்துக் கொடுத்தபோது, ஒரு இடத்தில் டிரம்ஸின் சிம்பல் தட்டு தூக்கலாக இருக்கிறது என்றான். அவள் திருப்பி மாட்டிக் கேட்டுப் பார்த்து, "இல்ல, சரியா இருக்கு" என்றாள். இருவரும் விடாமல் வாதாடினார்கள். கடைசியில் அவன் ஒத்துக்கொண்டான்.

ஆல்பம் வெளியே வந்து சில மாதம் கழித்து மறுபடி கண்ணாடி அறையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். டாக்டர் புதுத் தாளைப் பழைய தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இம்மிகூட இறங்கல. அப்படியே நிக்குது."

"நல்லதுங்க" என்றாள் அவள். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பின்னறையில் பாதி வேலையில் ஒரு பாட்டு காத்திருந்தது.